டிடெக்டர் காட்டாததைக் கண்டெடுப்பது: செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்தில் தேடுவோருக்கான முழு வழிகாட்டி

மெட்டல் டிடெக்டரைக் கையில் எடுத்தவுடன் கவனம் முழுவதும் காதுக்குப் போய்விடுகிறது. சத்தம் கேட்டால் தோண்டுவது, ஆணியோ காசோ வந்ததும் குழியை மூடிவிட்டு அடுத்த சத்தத்துக்கு நகர்வது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். அவர்கள் தள்ளிவிட்டுப் போன மண்ணைச் சலித்துப் பார்த்தால் கோலி சோடா பாட்டிலின் கழுத்து, பீங்கான் துண்டு, பாசிமணி, பலப்பம், சிப்பிப் பொத்தான் என்று ஒவ்வொன்றாக வரும். கருவி இவற்றில் ஒன்றுக்கும் சத்தம் கொடுக்காது. ஆனால் இவை எந்த இடத்தில் கிடக்கும் என்பதை அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான பழைய வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் தேடுவதை மனத்தில் வைத்து எழுதுகிறேன். தொலைந்த நகையைத் தேடியோ, வீட்டைப் பழுதுபார்க்கும் முன்போ, இடிந்த பகுதியை அப்புறப்படுத்தும் முன்போ கருவியை இறக்குவதுதான் இங்கே வழக்கம்.

1. யாருடைய மண் என்பதை முதலில் முடியுங்கள்

கருவி வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

செட்டிநாட்டு வீடு ஒருவருக்கு மட்டும் சொந்தமாக இருப்பது அரிது. ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) பங்கு இருக்கும். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் மலேசியாவில் இருப்பார். சாவி வைத்திருக்கும் அண்ணன் சரி என்றால் போதும் என்று நினைக்காதீர்கள். பங்காளிகள் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். எது கிடைத்தால் யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பொருள் கிடைத்த பிறகு இதைப் பேச ஆரம்பித்தால் மனஸ்தாபம்தான் வரும்.

அடுத்தது சட்டம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் பொருளையும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சொந்த நிலம் என்பதால் இதிலிருந்து விலக்கு இல்லை. உலோகம் அல்லாத பொருள் என்பதாலும் விலக்கு இல்லை. நடைமுறையில் உங்கள் கிராம நிர்வாக அலுவலர் வழியாகவோ தாசில்தார் வழியாகவோ போகலாம். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் இருக்கின்றன. உங்கள் ஊர் எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலை, கைவினை, வரலாற்றுப் பொருட்கள் தொல்பொருள் ஆகும். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிக்கும் கையெழுத்துப் பிரதிக்கும் 75 ஆண்டே போதும். உரிமம் இல்லாமல் இவற்றை வாங்கி விற்கும் தொழில் செய்ய முடியாது. தனி மனிதர்கள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் உறவினர் நினைவுக்காக ஒன்றை எடுத்துப் போகிறேன் என்று கேட்பார். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊருணிக் கரை, கோயில் நிலம், மேய்ச்சல் பொட்டல், பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் சுற்றுப்புறம் ஆகியவற்றில் கருவியை இறக்கவே கூடாது. இந்த வட்டாரத்துச் செம்புரான் கல் பொட்டல்களில் பெருங்கற்காலக் கல்வட்டங்களும் முதுமக்கள் தாழிகளும் உண்டு. ஒருவர் ஆசையாகப் போடும் குழி அங்கே திருத்தவே முடியாத சேதமாகிவிடும்.

2. ஆச்சியிடம் கேட்டு ஒரு வரைபடம் போடுங்கள்

வீட்டில் வயதான ஆச்சி இருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. அடுப்படிச் சாம்பலை எங்கே கொட்டினார்கள்? உடைந்த பாத்திரம் எங்கே போகும்? பாத்திரம் விளக்கிய இடம் எது? மாட்டுக்கொட்டகை எந்தப் பக்கம் இருந்தது? தூர்த்த கிணறு ஏதாவது உண்டா? கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுச் சமைத்தது எங்கே?

இந்த வீடுகள் முகப்பிலிருந்து வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் நீண்டு, பல ஊர்களில் அடுத்த தெரு வரைக்கும் போகும். முகப்பைப் பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அதனால் மண்ணுக்குள் போனதில் பெரும்பகுதி அடுப்படிக்குப் பின்னால், கிணற்றடியை ஒட்டியும் மதிலோரமும்தான் கிடக்கும். மழைத்தண்ணீர் வீட்டை விட்டு வெளியேறும் ஜலதாரையின் வாய்ப்பக்கமும் முக்கியமான இடம். வளவில் தவறிய மணி, பொத்தான், சோழி எல்லாம் தண்ணீரோடு அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

தூர்த்த கிணற்றையும் பழைய கழிவுத் தொட்டியையும் வரைபடத்தில் சிவப்பில் வட்டமிடுங்கள். மேல்மண் உள்வாங்கும் அபாயம் இருப்பதால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

3. கையில் இருக்க வேண்டியவை

கருவி சாதாரண விலை மாடலாக இருந்தாலும் சரி, கிரவுண்ட் பேலன்ஸ் வசதி (மண்ணிலுள்ள இரும்புச் சத்துக்குச் சத்தம் போடாதபடி கருவியைச் சரிசெய்வது) மட்டும் அவசியம். ஏன் என்று 6ஆம் படியில் வருகிறது. பின்பாயின்டர் (குழிக்குள் உலோகம் இருக்கும் புள்ளியைக் காட்டும் சிறு கைக்கருவி), ஹெட்போன் இரண்டும் கூடவே வேண்டும்.

தோண்டுவதற்குக் கொத்தனாரின் கரண்டி, மூங்கில் சீவல், பெயின்ட் பிரஷ் போதும். மண்வெட்டி மேல் புல்லைச் செதுக்க மட்டும். கடப்பாரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பீங்கானும் கண்ணாடியும் அதன் முதல் குத்திலேயே போய்விடும்.

சல்லடை இரண்டு வேண்டும். கண் அளவு ஏறக்குறைய 6 மில்லிமீட்டரில் ஒன்று, 2 அல்லது 3 மில்லிமீட்டரில் ஒன்று. கட்டுமானச் சாமான் கடையில் வலை வாங்கி மரச்சட்டத்தில் அடித்துக்கொள்ளலாம். மண் அள்ளப் பாண்டு, விரித்துக் கொட்டத் தார்ப்பாய், ஜிப் வைத்த சின்னக் கவர்கள், பென்சில், அட்டை. பேனா மை ஈரத்தில் கரையும் என்பதால் பென்சில்.

தடித்த கையுறையும் மூடிய செருப்பும் போடாமல் இறங்கக் கூடாது. உடைந்த பாட்டில், துருப்பிடித்த ஆணி, சீமைக் கருவேல முள், கல்லுக்கு அடியில் தேள் என்று எல்லாமே இந்தத் தோட்டங்களில் இருக்கும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று செலவே இல்லாதது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தேடலுக்குப் போகும் முன் ஒரு மாலை அங்கே செலவிடுங்கள். முழு ஜாடி, முழு சோடா பாட்டில், முழு எனாமல் தூக்கு, சுவரிலிருந்து பிரித்த ஜப்பான் ஓடு ஆகியவற்றை, கடைக்காரரிடம் கேட்டு, கையில் எடுத்து விளிம்பையும் அடியையும் பாருங்கள். முழுப்பொருளைப் பார்த்த கண்ணுக்குத்தான் மண்ணில் கிடக்கும் துண்டு எதனுடையது என்று தெரியும்.

4. எந்த மாதம், எந்த வெளிச்சம்

வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் தை, மாசியில்தான் இந்த மண் கைக்கு இணங்கும். பங்குனிக்கு மேல் செம்மண் இறுகிவிடுகிறது. இறுகிய மண்ணில் கட்டாகப் பெயர்த்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து உடையும். மழை பெய்து கொண்டிருக்கும் நாட்களில் மண் குழைந்து சல்லடையை அடைத்துக்கொள்ளும், ஆகவே அதுவும் ஆகாது.

நாளில் காலை வெயில் ஏறும் முன்பும் மாலையில் வெயில் சாயும்போதும் தேடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் கண்ணாடி மினுங்கும். வட்டமான எதற்கும் ஒரு பக்கம் நிழல் விழும். உச்சி வெயிலில் தரை முழுவதும் ஒரே சிவப்பாகத் தெரிவதால் பாசிமணி காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது.

5. முதல் நடை, கருவி இல்லாமல்

புதியவர்கள் தவறாமல் விட்டுவிடும் படி இது. ஹெட்போன் மாட்டியவுடன் கண் வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. அதனால் கருவியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு, தோட்டத்தை ஒரு எட்டுக்கு ஒரு எட்டு இடைவெளி விட்டு மேலும் கீழுமாக நடங்கள். சூரியன் உங்களுக்கு எதிரே, ஓரமாக இருக்கட்டும்.

பார்க்க வேண்டியவை: செம்மண்ணுக்கு நடுவில் சாம்பல் நிறத் திட்டு, சுண்ணாம்புத் தூள் வெளுத்த இடம், மழை ஓடிய வாய்க்காலில் தங்கிய சிறு துண்டுகள், எலியும் கரையானும் வெளியே தள்ளிய மண், வேரோடு சாய்ந்த மரத்தின் பள்ளம். எறும்புப் புற்றுக்குப் பக்கத்தில் பாசிமணி மேலே வந்து கிடப்பதுண்டு.

மேலே கிடப்பதை உடனே பொறுக்காதீர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சியைச் சொருகிக்கொண்டே போங்கள். நடை முடிந்ததும் திரும்பிப் பார்த்தால் குச்சிகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் சிதறியும் நிற்கும். பொறுக்கிப் பையில் போட்டிருந்தால் இந்தப் படம் கிடைத்திருக்காது.

6. கருவியை இந்த மண்ணுக்குச் சரிசெய்வது

செட்டிநாட்டுத் தரை செம்புரான் கல்லும் அதன் சரளையும் கலந்தது. இரண்டிலும் இரும்புச் சத்து அதிகம். வாங்கிய பெட்டியிலிருந்து எடுத்த அமைப்பிலேயே இயக்கினால் கருவி ஓயாமல் கத்தும். புதியவர் அதை அடக்க இரும்பை ஒதுக்கும் டிஸ்கிரிமினேஷனை ஏற்றிவிடுவார். சத்தம் அடங்கிவிடும், நமக்கு வேண்டிய தடயமும் அதோடு போய்விடும்.

சரியான வரிசை இது. முதலில் சுத்தமான செம்மண் உள்ள, சத்தமே இல்லாத ஓர் இடத்தில் காயிலை (கருவியின் அடியில் உள்ள வட்டத் தலையை) தரைக்கு மேலே ஏற்றி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள். அப்புறமும் இரைச்சல் இருந்தால் சென்சிட்டிவிட்டியை (கருவியின் உணர்திறனை) படிப்படியாகக் குறையுங்கள். டிஸ்கிரிமினேஷனைப் பூஜ்யத்திலேயே விடுங்கள். இரும்பின் சத்தம் தனியாகக் கேட்கட்டும்.

இரும்பை ஏன் விட்டுவைக்கிறோம்? நாம் தேடுவது மனிதர் புழங்கிய இடத்தை. பழைய மரச்சாமானின் ஆணி, குடைக்கம்பி, வாளிக் கைப்பிடி, எனாமல் சட்டி எல்லாம் இரும்புதான். எனாமல் சட்டி பார்க்கப் பீங்கான் மாதிரி இருந்தாலும் உள்ளே இரும்புத் தகடு. இரும்பை ஒதுக்கிய கருவி அதையும் சேர்த்து ஒதுக்கிவிடும்.

இன்னொரு நுட்பம். சுட்ட மண்ணுக்கும் கருவி கொஞ்சம் பதில் சொல்லும். களிமண்ணைச் சுடும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் காந்தத் தன்மை பெறுகின்றன. அதனால் செங்கல், ஓட்டுத் துண்டு, பழைய அடுப்பு இருந்த தரை ஆகியவற்றின் மேல் போகும்போது மங்கலான, அகலமான முனகல் வரும். உலோகத்தின் சத்தம் கூர்மையாக இருக்கும், குறுக்கே திரும்பி ஆட்டினாலும் அதே இடத்தில் வரும். சுட்ட மண்ணும் சரளையும் அப்படித் தெளிவாக வராது, காயிலைக் கொஞ்சம் உயர்த்தினாலே தேய்ந்துவிடும். காசு தேடுகிறவர் இந்த முனகலை வெறும் தொல்லை என்று ஒதுக்குவார். நமக்கு அது சாம்பல் குழியின் அடையாளமாக இருக்கலாம், ஆகவே அங்கும் ஒரு குச்சி.

7. ஆணிகள் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள்

இப்போது தோட்டத்தைக் கயிறு கட்டி ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகக் கருவியை ஓட்டுங்கள். மெதுவாக, ஒரு வீச்சின் மேல் அடுத்த வீச்சு பாதி ஏறும்படி. தோண்டக் கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை சத்தம் வந்தது என்பதை மட்டும் வரைபடத்தில் எழுதுங்கள்.

சத்தம் ஒன்றும் இல்லாத கட்டத்தில் கண்ணாடியும் பீங்கானும் கிடைப்பது அபூர்வம். மனிதர் எறிந்த குப்பையில் உலோகமும் உலோகம் அல்லாததும் சேர்ந்தேதான் போகும். தனியாக ஒரு பலத்த சத்தம் வரும் கட்டத்தை விட, சின்னச் சின்னச் சத்தம் நெருக்கமாக வரும் கட்டம்தான் மேல். உங்கள் குச்சிகள் நெருங்கி நின்ற இடமும், ஆணிச் சத்தம் கூடும் இடமும், ஆச்சி சொன்ன இடமும் ஒன்றாக அமைந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. கதவு, நிலை, உத்தரத்தைப் பிரித்து விற்ற வீடுகளில், மரத்தை இழுத்துப் போட்டு ஆணி பிடுங்கிய இடம் ஒன்று இருக்கும். அங்கே ஆணி மட்டும் குவிந்து கிடக்கும், வேறு எதுவும் இருக்காது. முதல் கையளவு மண்ணில் ஆணியைத் தவிர ஒரு சில்லு கூட வரவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

8. தோண்டும் முறை

சத்தம் வந்த புள்ளியை நேராகக் குத்தாதீர்கள். அதைச் சுற்றி ஒரு முழம் சதுரத்தைக் குறித்து, மேல் புல்லை ஒரே பாளமாக எடுத்துத் தார்ப்பாயில் வையுங்கள். பிறகு கரண்டியைப் படுக்கவைத்து இரண்டு விரல் கனத்துக்கு மண்ணைச் சீவி எடுங்கள். குத்தினால் நுனியில் இருப்பது உடையும். சீவினால் கரண்டி அதில் தட்டும்போதே கைக்குத் தெரிந்துவிடும்.

உலோகம் வந்துவிட்டதா? இங்கேதான் புதியவர் எழுந்துவிடுகிறார். நீங்கள் உட்காருங்கள். அந்த உலோகம் எதோடு ஒட்டியிருந்தது என்று குழியின் சுவரைப் பாருங்கள். மூக்குக் கண்ணாடிக் கம்பியின் பக்கத்தில் வில்லை இருக்கும். பித்தளை கிளிப் வந்தால் எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) பேனாவின் உடல் அருகில் கிடக்கும். சுருள் கம்பி வந்தால் பொம்மையோ பாட்டில் மூடியோ இருக்கலாம். மூடியின் பீங்கான் குமிழ் கம்பியை விட்டுக் கழன்று ஒரு சாண் தள்ளிக் கூடப் போயிருக்கும்.

குழிச் சுவரில் மண்ணின் நிறம் மாறும் கோடுகளைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் கலந்த மேல்மண், அதன் கீழே சாம்பல், சுண்ணாம்புச் சிதறல், கடைசியில் கை படாத செம்சரளை என்று பெரும்பாலும் இறங்கும். நிறம் மாறியவுடன் புதுக் கவர், புது எண். ஒரே கவரில் எல்லாவற்றையும் போட்டால் எது எதோடு கிடந்தது என்பது அந்த நிமிடமே தொலைந்துவிடும்.

உலோகம் இங்கே இன்னொரு உதவி செய்கிறது. ஓட்டைக் காலணா 1943 முதல் 1947 வரை அடிக்கப்பட்டது. நயா பைசா 1957இல் வந்தது. சாம்பல் அடுக்கின் நடுவில் ஒரு நயா பைசா இருந்தால், அந்த அடுக்கு 1957க்கு முன் விழுந்திருக்க முடியாது. அதே அடுக்கில் உள்ள பீங்கான் பழைய காலத்ததாக இருக்கலாம், ஆனால் அதைத் தூக்கிப் போட்டது 1957க்குப் பிறகுதான். காசு தருவது கீழ் எல்லையை மட்டும். காசின் ஆண்டையே பீங்கானின் வயதாக எழுதிவைப்பது பரவலாக நடக்கும் பிழை.

கை படாத சரளை வந்ததும் நிறுத்துங்கள். அதற்குக் கீழே வீட்டுக் குப்பை இருக்காது.

அதற்கு முன்பே நிறுத்த வேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பானை ஓடு, கீறல் குறியோ எழுத்தோ உள்ள ஓடு, கனமான தாழியின் விளிம்பு, சுடுமண் வளையங்களை அடுக்கிய உறை கிணறு, சூதுபவள (சிவந்த கல்) மணி, மனித எலும்பு என்று தோன்றும் எது வந்தாலும் கரண்டியைக் கீழே வையுங்கள். எடுக்க வேண்டாம், துடைக்க வேண்டாம். இருந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, மண்ணால் லேசாக மூடி, கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் சொல்லுங்கள். மனித எலும்பு என்றால் காவல் நிலையத்துக்கும். கீழடி இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே கிடைத்த மணிகளும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் பேசுவதற்குக் காரணம், அவை எந்த ஆழத்தில், எதோடு கிடந்தன என்ற பதிவு. நாம் பிடுங்கி எடுத்துக் கொடுக்கும் ஓடு அந்தப் பதிவை இழந்துதான் போய்ச் சேரும்.

9. சல்லடை: பாதிப் பொருள் இங்கேதான்

தோண்டிய மண் ஒரு பிடி கூடச் சலிக்காமல் திரும்பப் போகக் கூடாது. மண் ஈரமாக இருந்தால் நிழலில் பரப்பி உலர விடுங்கள். வெயிலில் காயவைத்தால் உள்ளே இருக்கும் எலும்பும் மரமும் வெடிக்கும்.

பெரிய கண் மேலே, சிறிய கண் கீழே. அரைப் பாண்டுக்கு மேல் ஒரே தடவை போடாதீர்கள். சல்லடையைக் குலுக்குங்கள், மண்ணைக் கையால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் கண்ணாடி கையைக் கிழிக்கும், மெல்லிய சிப்பிப் பொத்தான் நொறுங்கும். உடையாத கட்டிகளை எடுத்துத் தனி வாளியில் ஊறவைத்துக் கடைசியில் தண்ணீர் ஊற்றிச் சலியுங்கள். சின்னப் பாசிமணிகள் இந்தக் கட்டிகளுக்குள்தான் ஒளிந்திருக்கும்.

சல்லடையில் தங்கியதை வெள்ளைத் தட்டில் கொட்டி, நிழலில் உட்கார்ந்து, ஈர்க்குச்சியால் ஒதுக்கி ஒதுக்கிப் பாருங்கள். சிவப்பு மண்ணோடு சேர்ந்து எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும். நிறத்தைத் தேடாமல் வடிவத்தைத் தேடுங்கள். நேரான விளிம்பு, சீரான வளைவு, துளை. இயற்கைச் சரளையில் இந்த மூன்றும் ஒழுங்காக அமைவது அரிது.

10. கையில் இருப்பது என்ன?

கண்ணாடியில் தொடங்கலாம். பாட்டிலின் பக்கவாட்டில் அச்சுக்கோடு ஓடும். அந்தக் கோடு வாய் விளிம்பு வரை ஏறினால் இயந்திரத்தில் செய்தது. கழுத்தோடு நின்றுவிட்டால் வாயைக் கையால் முடித்தது, பொதுவாக முந்தையது. தானியங்கிப் பாட்டில் இயந்திரம் 1903இல் அமெரிக்காவில் வந்தது. ஆனால் கையால் முடிக்கும் வழக்கம் அதற்குப் பிறகும் பல இடங்களில் நீடித்தது, எனவே கோட்டை மட்டும் வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். குண்டு அடைத்த சோடா பாட்டில் 1870களில் இங்கிலாந்தில் ஹிரம் காட் உருவாக்கியது. கோலிக்குண்டுக்காகப் பிள்ளைகள் கழுத்தை உடைத்துவிடுவதால் முழுப் பாட்டில் கிடைப்பது அரிது. உடம்புத் துண்டை எறியாதீர்கள். அதில் புடைப்பெழுத்தாக சோடா கம்பெனியின் பெயரும் ஊரும் இருக்கக்கூடும். நிறமற்ற கண்ணாடி லேசான ஊதாவாக மாறியிருந்தால் அதில் மாங்கனீசு சேர்த்திருக்கிறார்கள், வெயில் பட்டுப் பட்டு நிறம் மாறியிருக்கிறது என்று பொருள்.

பீங்கானுக்கு உடைந்த விளிம்பைப் பாருங்கள். விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உறிஞ்சினால் மண்பாண்ட வகை. அப்படியே நின்றால் போர்சலினோ கற்பீங்கானோ. மெல்லிய போர்சலின் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் நிழல் தெரியும். கற்பீங்கான் கனமாக, சாம்பல் அல்லது பழுப்பு உடம்போடு இருக்கும். ஊறுகாய் ஜாடித் துண்டுகள் பெரும்பாலும் இந்த வகை. தட்டின் அடித்துண்டு கிடைத்தால் தனிக் கவரில் வையுங்கள். உற்பத்தி முத்திரை இருப்பது அங்கேதான்.

ஓடுகளில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஆத்தங்குடிக் கல் சிமென்டில் வார்த்து உலரவைப்பது, சூளையில் சுடுவதில்லை. உடைத்த பக்கத்தில் சாம்பல் சிமென்டும் மேலே வண்ண அடுக்கும் தெரியும். ஜப்பான் சுவர் ஓடு சுட்டது. உடம்பு வெளிறி, மேலே கண்ணாடி மெருகோடு பூ வேலை புடைத்திருக்கும். முதுகில் அச்சுப் பள்ளங்களும் பல நேரம் எழுத்தும் இருக்கும். சுவரிலிருந்து உதிர்ந்த சாந்தில் வழவழப்பான வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தால் அது முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சாக இருக்கலாம். உள்ளங்கை அளவுத் துண்டு ஒன்றை எடுத்து வையுங்கள். பழுதுபார்க்கும் கொத்தனாருக்கு அடுக்குகளின் கனத்தைக் காட்ட அது உதவும்.

பொத்தானில் சிப்பி எது, பிளாஸ்டிக் எது? உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள், மண்ணிலிருந்து எடுத்ததை அப்படிச் செய்ய வேண்டாம். கழுவிய பின் கன்னத்தில் வையுங்கள். சிப்பி குளிர்ச்சியாக இருக்கும், சாய்த்தால் உள்ளே நிறம் ஓடும். எலும்புப் பொத்தானில் நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் தெரியும். தந்தத்தில் அந்தப் புள்ளிகள் இருக்காது, குறுக்குவெட்டில் ஒன்றை ஒன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். தந்தம் என்று சந்தேகம் வந்தால் விற்பதும் கைமாற்றுவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

11. கழுவுவதில் அவசரம் வேண்டாம்

நல்ல நிலையில் வந்த பொருளைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டுக் குழாயடிதான். எல்லாவற்றையும் ஒரே வாளியில் போட்டு சோப்புத்தூள் தூவுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

மெருகு உரியாத பீங்கான், வலுவான கண்ணாடி: மென்மையான பிரஷ், சாதாரணத் தண்ணீர். குளிர்ந்த பொருளில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும்.

வானவில் நிறத்தில் ஏடு படிந்த கண்ணாடி: தேய்க்கவே கூடாது. அது அழுக்கு இல்லை. கண்ணாடியே மண்ணில் சிதைந்து உரியும் அடுக்கு. உலர்ந்த பிரஷால் மண்ணைத் தட்டி நிறுத்திக்கொள்ளுங்கள்.

சங்கு வளை, சோழி, சிப்பி, பளிங்கு, சுண்ணாம்புச் சாந்து: வினிகர், எலுமிச்சை, புளி ஒன்றும் ஆகாது. இவை எல்லாம் சுண்ணப் பொருள், அமிலத்தில் கரையும். பித்தளை விளக்குகிற பழக்கத்தில் புளி போட்டுத் தேய்த்தால் மினுமினுப்பு ஒரேயடியாகப் போய்விடும்.

எலும்பு, மரம், எபோனைட்: ஊறவைக்காமல், ஈரத்துணியால் துடைத்து, மண்ணிலிருந்து வந்த ஈரம் நிழலில் மெல்ல மெல்ல வடியும்படி துளையிட்ட கவரில் வையுங்கள். சுடாத களிமண் பொம்மைக்குத் தண்ணீரே காட்டக் கூடாது.

சில நாளில் மண்பாண்டத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்தால் அது உப்பு. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் வெளியேறும். வண்ணம் தீட்டிய ஓட்டுக்கு இதைச் செய்யாதீர்கள்.

12. எழுதி வையுங்கள், அப்புறம் குழியை மூடுங்கள்

குழி திறந்திருக்கும்போதே எழுத வேண்டும். கட்ட எண், ஆழம், மண்ணின் நிறம், கூடக் கிடந்த உலோகம், தேதி. ஒவ்வொரு கவருக்குள்ளும் பென்சிலால் எழுதிய அட்டை ஒன்று. கவரின் வெளியே எழுதினால் அழிந்துவிடும். அடியில் அளவுகோல் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்து, பங்காளிகளுக்கு அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். நாள் கடத்தினால் சந்தேகம்தான் வளரும்.

எடுத்த ஆணி, துருத்தகடு, அடையாளம் தெரியாத கண்ணாடிச் சில் எதையும் குழிக்குள் திரும்பப் போட வேண்டாம். அடுத்து தேடுகிறவருக்கு அதே சத்தம் மறுபடியும் கேட்கும், செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைகளின் காலையும் கிழிக்கும். கண்ணாடியைத் தனிச் சாக்கில் கட்டி, உள்ளே என்ன என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள்.

சலித்த மண்ணை எடுத்த வரிசைக்குத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் சரளை, அப்புறம் சாம்பல் மண், கடைசியில் மேல்மண். ஒவ்வோர் அடுக்கையும் காலால் மிதித்து இறுக்கி, புல் பாளத்தை மேலே வைத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். குழியின் அடியில், கை படாத சரளைக்கு மேலே, நடப்பு ஆண்டுக் காசு ஒன்றைப் போட்டு மூடுவது நல்ல வழக்கம். பின்னால் இதே இடத்தைத் திறக்கிறவருக்கு, இந்த மண் எந்த ஆண்டுக்குப் பின் கலைக்கப்பட்டது என்று அது சொல்லிவிடும்.